பக்கத்து சீட்டு பிரேக்

எங்கள் சுகாதார நிலையத்துக்குப் புதிதாகத் திட்ட அலுவலர் ஒருவர் வரப்போகிறார் என்று டாக்டர் சொன்னபோது நான் பஞ்சு நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“என்ன படிச்சவங்க சார்?”

“ஜனங்க ஏன் நம்மகிட்ட வர்றதில்லைன்னு படிச்சிருக்காங்க.”

“இதுக்கு ஒரு படிப்பா? வர சோம்பேறித்தனம், அவ்வளவுதான். என்னைக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேனே.”

டாக்டர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். என் வாய் அவருக்குப் பழக்கம். இந்த நிலையத்தின் மூத்த நர்ஸ் நான். ஊசி போட்டுக்கொள்ள வருகிற பெரிய மனிதர்கள்கூட என்னைக் கண்டதும் சட்டைக் கையைத் தாங்களே சுருட்டிக்கொள்வார்கள்.

வந்தவர் என் வயதுக்காரர். வந்த அன்றே வெள்ளைப் பலகையில் பெட்டி பெட்டியாகக் கட்டம் போட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்பு இழுத்தார். மத்தியானத்துக்குள் நான் அவருக்குப் பெட்டியம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் அது அவர் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் நேராக என்னிடம் வந்து, “பேரு நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். காலேஜ்ல வச்ச பேருக்கு இது எவ்வளவோ தேவலை” என்றார். இப்படிச் சொல்கிற ஆளிடம் எப்படிச் சண்டை பிடிப்பது?

அவருக்குக் கொடுத்த முதல் வேலை, பஸ் டிப்போவில் டிரைவர்களை எல்லாம் ரத்த அழுத்தம் பார்க்க வரவைப்பது. இதை ஏற்கெனவே ஒரு முறை நாங்கள் செய்து மூக்கு உடைபட்டிருந்தோம். போன வருடம் டிப்போ வாசலில் ஆள் உயரத்துக்குப் படம் வைத்தோம். வெடித்த ரத்தக்குழாய், கோணிப்போன வாய், கீழே சிவப்பு எழுத்தில் ‘அடுத்தது நீங்களா?’ வாசகம் என்னுடையது. மேனேஜர் அறையில்தான் மின்விசிறி ஒழுங்காகச் சுற்றும் என்பதால் அங்கேயே மேசை போட்டு உட்கார்ந்தோம். துப்புரவுப் பணியாளர்கள் வந்தார்கள், டீக்கடைக்காரர் வந்தார், ஒரு பயணிகூட வழி கேட்க வந்தவர் கையை நீட்டிவிட்டுப் போனார். டிரைவர் ஒருவர்கூட வரவில்லை. அன்றைக்கு அத்தனை பஸ்ஸும் பின்வாசல் வழியாகவே போய் வந்தன.

அந்தப் பின்வாசல் பஸ்களில் ஒன்றை ஓட்டியவர் என் வீட்டுக்காரர்.

மற்றவர்கள் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று நான் இருந்திருப்பேன். ஆனால் அவருடைய அண்ணனும் டிரைவர்தான். ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது கையிலிருந்த டம்ளர் நழுவியது, கூடவே ஆளும் சரிந்தார். இன்றுவரை ஒரு பக்கம் கை கால் வராது. தம்பியைக் கூப்பிடவே அவருக்கு வாய் குழறுகிறது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே உடம்பு வாகு, ஒரே தொப்பை, தட்டில் கைவைக்கும் முன்பே உப்பு டப்பாவைத் தேடும் ஒரே வழக்கம். அடுத்தது இவர்தான் என்று எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. ஊரார் கையெல்லாம் பிடித்துப் பிரஷர் பார்க்கிற எனக்கு என் வீட்டு ஆளின் பிரஷர் தெரியாது. நீட்டச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

“பாத்தா என்னங்க? கை தேஞ்சா போயிடும்?”

“ஓட்டறது நானு. நீ பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு பிரேக் மிதிக்காத.”

இதுதான் அவர் பதில். உப்பைக் குறை என்றாலும் இதுதான், தூங்கு என்றாலும் இதுதான்.

முதல் கூட்டத்தில் பெட்டியம்மா தன் பெட்டிகளை எங்களுக்கு விளக்கினார். மனிதன் உடம்புக்கு நல்லதைச் செய்யச் சில நம்பிக்கைகள் வேண்டுமாம். இந்த நோய் எனக்கு வரலாம் என்று நினைக்க வேண்டும். வந்தால் லேசில் விடாது என்றும் நினைக்க வேண்டும். இதைச் செய்தால் பலன் உண்டு, என்னால் இதைச் செய்ய முடியும் என்ற தெம்பு வேண்டும். குறுக்கே நிற்கும் தடைகள் அதைவிடச் சின்னதாகத் தெரிய வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால், ‘சரி, கிளம்பு’ என்று ஒரு சின்னத் தட்டு போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி.

“நம்ம ஆளுங்களுக்கு முதல் பெட்டிதான் மேடம் காலி” என்றேன். “தனக்கெல்லாம் ஒண்ணும் வராதுன்னு திமிரு. படத்தை இன்னும் கொஞ்சம் பெருசா, பயங்கரமா போடணும்.”

“காலின்னு எப்படித் தெரியும் சிஸ்டர்? கேட்டீங்களா?”

“கேக்கணுமா? எங்க வீட்டுலயே ஒண்ணு இருக்கே.”

“வீட்டுல இருக்கறவங்களைத்தான் நாம கேக்கறதே இல்ல” என்று சொல்லிவிட்டு அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் படிப்புத் திமிர் என்று ஒதுக்கிவிட்டேன்.

அடுத்து வந்த நாள்களில் பெட்டியம்மாவை அலுவலகத்தில் பார்க்கவே முடியவில்லை. டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போவதும், அங்கே டீ குடிப்பதும், திரும்பி வருவதுமாக இருந்தார். “சம்பளத்தோட ஊர் சுத்தறாங்க” என்று சின்ன நர்ஸிடம் சொன்னேன். அவள் புதுசு, சிரிக்கவா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வாள்.

இரண்டாவது கூட்டத்தில் பெட்டியம்மா முதல் பெட்டியின் மேல் பேனாவால் தட்டினார்.

“இது காலி இல்ல. வழியுது. அத்தனை பேருக்கும் பயம். கூட வேலை பாத்தவங்க விழுந்ததைக் கண்ணால பாத்திருக்காங்க. ஒருத்தர் நெஞ்சு படபடன்னா சாமியைக் கும்பிட்டுக்கிட்டே வண்டி எடுக்கறார். நாம போய் அந்தப் பயத்து மேல இன்னொரு வாளி ஊத்தியிருக்கோம்.”

“பயந்தா வரணும்ல?” என்றேன்.

“வழி தெரிஞ்சா வருவாங்க. வழி தெரியாதவங்களைப் பயமுறுத்தினா, நோயை விரட்ட மாட்டாங்க, பயத்தைத்தான் விரட்டுவாங்க. படத்தைப் பாக்காம இருக்க என்ன வழின்னு யோசிப்பாங்க. யோசிச்சிருக்காங்க. பின்வாசல்.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார். எனக்கும் உள்ளுக்குள் ஏதோ நகர்ந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு தடைகள் என்ற பெட்டிக்கு வந்தார். முதல் தடை ஸ்டீயரிங். பிரஷர் கூட இருந்தால் வண்டியை விட்டு இறக்கி, டிக்கெட் கிடங்கில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று அத்தனை பேரும் நம்பினார்கள். அந்த லட்சணத்தில் நாங்கள் போய் மேனேஜர் அறையிலேயே கடை விரித்திருக்கிறோம், மின்விசிறிக்கு ஆசைப்பட்டு. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். வாசகத்தை எழுதிய நான் பலகையில் இருந்த அம்புகளை எண்ண ஆரம்பித்தேன்.

“இன்னொரு தடை, ஒரே ஒருத்தர்தான் சொன்னார். ஆனா அதுக்கும் பெட்டியில இடம் உண்டு” என்றார் பெட்டியம்மா. “அவர் சொன்னது இது. ‘எனக்குப் பாத்துக்கணும்னு ஆசைதாம்மா. அண்ணனைப் பாக்கற ஒவ்வொரு தடவையும் நினைக்கறேன். ஆனா வீட்டுல ஒருத்தி பக்கத்து சீட்டுலேருந்து பிரேக் மிதிச்சுக்கிட்டே இருக்கா. கையை நீட்டினா அவ ஜெயிச்சா, நான் தோத்தேன்னு ஆயிடும். யாராவது வேத்து ஆள் பாத்தா நாளைக்கே வருவேன்.’”

எல்லோரும் சிரித்தார்கள். சின்ன நர்ஸ் என் முகத்தைப் பார்க்காமலேயே சிரித்தாள். பெட்டியம்மாவுக்கு அது யார் என்று தெரியாது, பெயர் கேட்காமல்தான் பேசியிருக்கிறார். அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீடு வரும் வழியெல்லாம் மனசுக்குள் என் வீட்டுக்காரரைக் கிழிகிழியென்று கிழித்தேன். ஊர் பேர் தெரியாத பொம்பளையிடம் என்னை விற்றுவிட்டாரே! ஜெயிக்கவா நான் கத்துகிறேன்? சமையலறையில் பாத்திரங்களைப் போட்டு நான் தேய்த்த தேய்ப்பில் அடிப்பிடித்த சட்டிக்கெல்லாம் புதுப் பளபளப்பு வந்துவிட்டது. தேய்த்து முடித்தபோதுதான் அவர் சொன்னதின் முன்பாதி மெதுவாக உள்ளே இறங்கியது. ஆசைதாம்மா என்று சொல்லியிருக்கிறார். அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம் நினைக்கிறாராம். மனுஷன் என்னிடம் ஒருநாள்கூட இதைச் சொன்னதில்லை. சொல்ல நான் எங்கே இடம் விட்டேன் என்றும் தோன்றியது, அழுகையும் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இத்தனை வருட சர்வீஸில் எனக்குக் கிடைக்காத பதவி ஒன்று கிடைத்திருக்கிறது. தடை.

மறுநாள் காலை பெட்டியம்மாவிடம் போய், “மேடம், இந்தத் தடவை டிப்போவுல நான் பிரஷர் பாக்கலை. சின்னவ பாக்கட்டும்” என்றேன்.

“ஏன் சிஸ்டர்? உங்க கை மாதிரி யாருக்கு வரும்?”

“அதான் பிரச்சினையே.”

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். புரிந்துகொண்டாரா இல்லையா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. “சரி, அப்ப மேனேஜர்கிட்ட பேச நீங்க வாங்க. அங்க உங்க வாய் வேணும்” என்றார்.

மேனேஜர் முதலில் பிடி கொடுக்கவில்லை. பயணிகள் பாதுகாப்பு, விதிமுறை, மேலிடம் என்று அடுக்கிக்கொண்டே போனார். பெட்டியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இப்ப யாருக்கு எவ்வளவுன்னு தெரியாமயே ஓட்டறாங்க. தெரிஞ்சு, மாத்திரை சாப்பிட்டு, கட்டுக்குள்ள வச்சு ஓட்டினா எது சார் பாதுகாப்பு?” என்று கேட்டார். நாங்கள் கேட்டது இதுதான். ரொம்ப அதிகமாக இருப்பவர்களுக்குக் குறையும்வரை சம்பளத்தோடு விடுப்பு, குறைந்ததும் மறுபடி அதே வண்டி. அளவு டாக்டருக்கு மட்டும்தான் தெரியும், மேனேஜருக்குப் போகாது. இதைத் தன் வாயாலேயே மேனேஜர் டிரைவர்களிடம் சொல்ல வேண்டும். அவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

“சார், நீங்க கடைசியா எப்ப பாத்தீங்க?” என்று கேட்டேன்.

“என்னது?”

“பிரஷர்.”

அவர் தன் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் பார்த்துப் பழகிய அதே இழுப்பு. அப்போதே காரியம் பாதி முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முகாமுக்கு நாள் குறித்தாயிற்று. அதுவரை வீட்டில் நான் வாயைக் கட்டுவது என்று முடிவெடுத்தேன். சொல்வது சுலபம். அவர் உப்பு டப்பாவைத் திறந்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினார், நான் துணி மடித்தேன். இரண்டு நாள் தாங்கினார். மூன்றாம் நாள் உப்பு ஸ்பூனை அந்தரத்தில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

“ஏம்மா, உடம்பு ஏதும் சரியில்லையா?”

“நல்லாத்தானே இருக்கேன்.”

“ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறியே?”

“என்னங்க சொல்லணும்?”

அவர் உப்பைப் போடாமல் ஸ்பூனை டப்பாவுக்குள்ளேயே வைத்துவிட்டார். பக்கத்து சீட்டில் யாரும் பிரேக் மிதிக்கவில்லை என்றதும் மனுஷன் தானே காலை வைத்துப் பார்க்கிறார்! எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு கரண்டி காய் வைத்தேன்.

முகாம் டிரைவர்களின் ஓய்வறையில் நடந்தது. பெஞ்சுகள், சுவரில் மாட்டிய சட்டைகள், மூலையில் பாதியில் நின்ற கேரம் ஆட்டம், இதற்கு நடுவில் ஒரு மேசை. படம் கிடையாது, சிவப்பு எழுத்து கிடையாது. மேனேஜர் வந்து தொண்டையைக் கனைத்தார். “உங்க ஸ்டீயரிங்கை யாரும் பிடுங்க மாட்டாங்க. இது நான் கொடுக்கற வாக்கு” என்றவர், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தார். யாரும் நம்பவில்லை. அப்போது பின் பெஞ்சிலிருந்து நெட்டையான மூத்த டிரைவர் ஒருவர் எழுந்தார். மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து உள்ளேயிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

“எனக்குப் பிரஷர் வந்து வருஷக்கணக்காச்சு. இதைச் சாப்பிட்டுக்கிட்டுத்தான் ஓட்டறேன். வெளியில சொல்லப் பயம். இன்னிக்குச் சார் வாக்கு கொடுத்ததால சொல்றேன். எவனாவது என்னை ஓவர்டேக் பண்ணியிருக்கீங்களாடா?”

ஓய்வறையே கொல்லென்று சிரித்தது. “உங்களை யாருண்ணே பண்ணுவா, நீங்க வழியே விட மாட்டீங்களே!” என்று ஒருவர் கத்தினார். அதற்குப் பிறகு வரிசை வாசலைத் தாண்டியது. எந்தப் பெட்டிக்குள் எது நடந்தது என்று பெட்டியம்மா பிற்பாடு எனக்கு அம்பு போட்டு விளக்கினார். நெட்டையரைத்தான் அவர் அந்த ‘என்னால் முடியும்’ பெட்டியில் வைத்தார். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், போன வருடம் என் படத்தைப் பார்த்து ஓடிய அதே ஆட்கள் இப்போது யார் முதலில் கையை நீட்டுவது என்று தள்ளுமுள்ளு செய்தார்கள் என்பதுதான். படித்தவர்கள் படித்ததை ஒழுங்காக உபயோகித்தால் இப்படியும் நடக்கும் போலிருக்கிறது. ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

நான் உள்ளே போகவில்லை. பஸ் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் டீ வாளியோடு நின்றேன். பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் டீ குடித்துவிட்டு ஓடாமல், பார்த்த பிறகு குடிக்கட்டும் என்று பெட்டியம்மா எனக்குக் கொடுத்த காவல் வேலை அது. என் வீட்டுக்காரருடைய வண்டி முன்வாசல் வழியாக உள்ளே வந்தது. அவர் இறங்கி என்னைப் பார்த்தார், நான் வாளியைப் பார்த்தேன். அவர் ஓய்வறைக்குள் போனார்.

வெளியே வர ஒரு யுகம் ஆயிற்று. உட்காரவைத்து, மூச்சு நிதானமானதும்தான் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஓய்வறை வாசலையே பார்த்துக்கொண்டு ஒருவருடைய சட்டையில் டீயை ஊற்றிவிட்டேன். ஒருவழியாக வந்தார். என்னிடம் ஒரு டம்ளர் டீயை வாங்கி நின்ற இடத்திலேயே குடித்தார், “சக்கரை கம்மி” என்றார், வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

நான் ஓய்வறைக்குள் பாய்ந்தேன்.

“மேடம், இப்ப போனாரே, எவ்வளவு?”

“யார் சிஸ்டர்?”

“எங்க வீட்டுக்காரர்!”

பெட்டியம்மாவின் கண் அகலமானது. அதற்குப் பிறகு வந்த சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். “மன்னிச்சிடுங்க. அளவு டாக்டருக்கும் அவருக்கும் மட்டும்தான். நீங்களும்தானே மேனேஜர்கிட்ட அடிச்சுப் பேசினீங்க” என்றார். சின்ன நர்ஸைப் பார்த்தேன். அவள் ஸ்டெத்தைக் காதிலேயே மாட்டிக்கொண்டு எனக்குக் கேட்கவில்லை என்று நடித்தாள்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதற்காகக் கொடியிலிருந்த காயாத துணியை எல்லாம் மடித்தேன்.

“கொஞ்சம் கூட இருக்காம்” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. “பயப்படற அளவுக்கு இல்லையாம். ஒரு மாத்திரை கொடுத்திருக்கார் டாக்டர். நாளைக்கும் வண்டி எடுக்கலாம்னு சொல்லிட்டார்.”

“சரிங்க.”

“அண்ணனுக்கும் அப்பவே யாராவது பாத்திருக்கலாம்.”

“ஆமாங்க.”

அவர் மாத்திரை அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தார். பிறகு, “வாரா வாரம் பாக்கணுமாம். அந்தச் சின்னப் பொண்ணு வாரா வாரம் டிப்போவுக்கு வராதாம். தெரிஞ்ச நர்ஸ் யாராவது இருந்தா பாத்துக்கச் சொன்னாங்க” என்றார்.

“இருக்காங்களா?” என்றேன் நான், துணியை வைத்துவிட்டு.

“ஒருத்தி இருக்கா. கை நல்ல கை. வாய்தான் கொஞ்சம் நீளம்.”

சொல்லிவிட்டுச் சட்டைக் கையைத் தானே முழங்கைக்கு மேல் சுருட்டி, மேசை மேல் கையை நீட்டி வைத்தார். யாரும் கேட்காமல்.

நான் கருவியை எடுத்து வந்தேன். பட்டையைச் சுற்றினேன், ஸ்டெத்தை முழங்கை மடிப்பில் வைத்தேன், காற்றடித்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், “பேசாதீங்க, பேசினா ஏறும்” என்றேன். காற்றை மெதுவாக இறக்கினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வந்தது அந்தச் சத்தம். டக், டக், டக். எத்தனையோ ஆயிரம் கைகளில் நான் கேட்ட அதே சத்தம்தான், ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனால் இத்தனை வருடம் கூடவே வாழ்ந்த மனுஷனுடையதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். திடமாக, நிதானமாக, அவர் வண்டி ஓட்டுகிற மாதிரியே போய்க்கொண்டிருந்தது. முள் முழுக்க இறங்கி நின்ற பிறகும் நான் ஸ்டெத்தை எடுக்கவில்லை.

“எவ்வளவு?” என்றார்.

அளவைப் பார்க்கவே மறந்துவிட்டிருந்தேன்.

“இருங்க, இன்னொரு தடவை பாக்கணும்” என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் காற்றடித்தேன்.